இத்தாலியின் குன்றூர்களுக்கு நண்பர்களோடு காரில்: வண்டியை எங்கே விடுவது?

கேள்வி இதுதான்: "செப்டம்பர் கடைசியில் நண்பர்கள் நாலு பேர் ஒன்பது நாள் இத்தாலி போகிறோம். ரோமில் இறங்கி, ஃபிளாரன்ஸிலிருந்து திரும்புகிறோம். குன்றுகளின் உச்சியில் இருக்கும் பழைய ஊர்களைப் பார்க்க ஆசை. ஒருவன் கார் என்கிறான், இன்னொருவன் ரயிலே போதும் என்கிறான். பட்டியலில் பதினாலு ஊர் இருக்கிறது. முடியுமா?"

கார் எடுங்கள். பதினாலு ஊர் முடியாது. பத்து, பதினொன்று பார்க்கலாம். ஓட்டி முடித்துவிடலாம்தான், ஆனால் பார்த்ததாக இருக்காது.

ரயில் ஏன் போதாது என்றால், அது பள்ளத்தாக்கில் ஓடுகிறது. ஊர் மேலே. அசிசி என்று பெயர்ப்பலகை பார்த்து இறங்கினால் நீங்கள் நிற்பது அடிவாரத்தில், சில கிலோமீட்டர் தள்ளி. கொர்த்தோனாவும் அப்படித்தான். பியென்ஸாவுக்கு ஸ்டேஷனே கிடையாது. பஸ் உண்டு, ஆனால் சின்ன ஊர்களில் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நேரத்துக்கு ஓடுவது. ஞாயிற்றுக்கிழமை அதையும் நம்ப முடியாது. நாலு பேர் பங்கு போட்டால் காரின் செலவும் பெரிதாகத் தெரியாது.

ஆனால் ஒன்று. கார் ஊருக்கும் ஊருக்கும் நடுவில்தான். ஊருக்குள் அது பாரம். இந்த ஊர்கள் மேலே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் பாதுகாப்பு மட்டும் இல்லை. கீழே சதுப்பு நிலம், கொசு, காய்ச்சல். 'மலேரியா' என்ற சொல்லே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்றுதான் பொருள்படும். இன்று சூரியகாந்தியும் கோதுமையும் விளையும் கியானா பள்ளத்தாக்கு நூற்றாண்டுகளாகச் சதுப்பாகக் கிடந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில்தான் அதை முழுசாக வடிய வைத்தார்கள். அதுவரை மனிதர் மேலே, நோய் கீழே. மேலே இருந்த இடமோ கொஞ்சம். அதில் கழுதை போகும் அளவுக்குத் தெரு விட்டு, மீதியெல்லாம் வீடு கட்டினார்கள். அந்தத் தெருவுக்குள் நீங்கள் வாடகைக் காரோடு நுழைந்தால், கண்ணாடியை மடக்கிக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து ரிவர்ஸ் எடுக்க வேண்டியதுதான்.

அதைவிட மோசமானது கேமரா. பழைய ஊர்ப்பகுதி பெரும்பாலும் 'இசட்.டி.எல்.', அதாவது குடியிருப்பவர்களின் வண்டி மட்டும் போகலாம் என்ற கட்டுப்பாட்டுப் பகுதி. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு போட்ட பலகை இருக்கும். சில இடங்களில் மின்பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று எழுதியிருக்கும். 'ஆக்டிவ்' என்றதும் திறந்திருக்கிறது என்று நினைத்துப் போய்விடுகிறார்கள். அர்த்தம் நேர் எதிர்: கேமரா வேலை செய்கிறது, போகாதே. 'நோன் அத்திவோ' என்றிருந்தால்தான் போகலாம்.

இதை நான் சொந்தக் காசில் படித்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. மழை, இருட்டு, பின்சீட்டில் மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள். தங்கும் வீட்டைத் தேடி ஒரே வளைவை மூன்று முறை சுற்றினேன். ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு மூன்று கடிதம் வந்தது. நுழைந்த ஒவ்வொரு முறைக்கும் தனி அபராதம், ஒவ்வொன்றும் 80 யூரோவுக்கு மேல். அது போக, என் முகவரியைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கு வாடகைக் கம்பெனிக்குத் தனிக் கட்டணம். ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி என்பதுதான் ஒரே ஆறுதல்.

அதனால் நான் பிறகு கற்றுக்கொண்ட பழக்கம்: மேப்பில் ஊர்ப் பெயரைப் போடாதீர்கள், பார்க்கிங் பெயரைப் போடுங்கள். 'ஓர்வியேத்தோ' என்று போட்டால் அது உங்களைப் பேராலய வாசலுக்கே கூட்டிப்போகப் பார்க்கும். 'கம்போ தெல்லா ஃபியேரா' என்று போடுங்கள். அங்கே வண்டியை விட்டால் லிஃப்டும் எஸ்கலேட்டரும் மேலே கொண்டுபோய் விடும். அசிசியில் 'மோயானோ', சான் ஜிமிஞ்ஞானோவில் 'ஜுபிலேயோ', பெருஜாவில் 'பியாஸ்ஸா பார்த்திஜானி'. புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பார்க்கிங் எழுதி வைத்துக்கொண்டால் பயணத்தில் பாதிச் சண்டை வராது. தெருவோரக் கோடுகளில் நீலம் என்றால் காசு, வெள்ளை என்றால் இலவசம், மஞ்சள் என்றால் உங்களுக்கு இல்லை. வெள்ளைக் கோடானாலும் பக்கத்துப் பலகையைப் படியுங்கள்; தெரு கூட்டும் நாளாக இருந்தால் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருக்கும் ஓட்டலில் அறை போட்டிருந்தால், வண்டி எண்ணை அவர்கள் முன்கூட்டியே பதிவு செய்து தர முடியுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்கலேட்டர் என்றதும் பெருஜா ஞாபகம் வருகிறது. 1540இல் போப் மூன்றாம் பால் உப்புக்கு வரி போட, பெருஜா எதிர்த்து நின்று தோற்றது. தண்டனையாக, ஊரை ஆண்ட பாலியோனி குடும்பத்தின் தெருவையே மூடி, அதன் மேல் ஒரு கோட்டை எழுப்பினார். இத்தாலி ஒன்றானபோது, 1860இல், ஊர்க்காரர்கள் அந்தக் கோட்டையை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கோட்டை போனது, கீழே மூடிய தெரு தப்பியது. இன்று கார் நிறுத்தத்திலிருந்து மேலே போகும் எஸ்கலேட்டர் அந்தப் புதைந்த தெருவின் வழியாகத்தான் போகிறது. இருட்டு, செங்கல் வளைவுகள், இடைக்கால வீட்டு வாசல்கள், நடுவில் ஆபீஸ் பையோடு ஆட்கள். இந்த வட்டாரத்து ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் வாய் போட்டதும் யாரோ மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். அந்த வரிக்கு எதிர்ப்பாகத்தான் உப்பை விட்டோம் என்று அங்கே சொல்வார்கள். ரொட்டியில் உப்பு அதற்கு முன்பும் இருந்ததில்லை என்று வாதாடுபவர்களும் உண்டு. கதை நன்றாக இருக்கிறது, நான் நம்பிக்கொள்கிறேன்.

சரி, வழி.

ரோமில் கார் எடுக்காதீர்கள். விமானத்தில் தூக்கமில்லாமல் வந்து, வலது பக்கம் ஓட்டும் ஊரில், முதல் நாளே அந்த ரிங் ரோட்டில் ஏறுவது தேவையில்லாத வீரம். ரயிலில் ஓர்வியேத்தோவுக்குப் போய்விடுங்கள், ஒன்றேகால் மணி நேரம் போல ஆகும். ஸ்டேஷன் வாசலிலிருந்தே கயிற்று ரயில் மேலே ஏறும். இரண்டு ராத்திரி அங்கே தங்கி, இரண்டாம் நாள் ஸ்டேஷன் பக்கம் கார் எடுத்துக்கொள்ளலாம். சின்ன ஊர் வாடகை அலுவலகங்கள் மத்தியானம் மூடும், சனிக்கிழமை பிற்பகலும் ஞாயிறும் ஆளிருக்காது. நாளைப் பார்த்து புக் செய்யுங்கள்.

ஓர்வியேத்தோவில் பேராலயத்தின் முகப்பை எல்லாரும் பார்ப்பார்கள். உள்ளே வலது பக்கம் சான் பிரிட்சியோ சிற்றாலயத்தில் லூகா சிஞ்ஞொரெல்லி 1499 முதல் 1504 வரை வரைந்த கடைசித் தீர்ப்பு ஓவியங்களைத் தவற விடாதீர்கள். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் போவது கிணற்றுக்குத்தான். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி இங்கே வந்தார். பாறை மேல் ஊர். முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்ற பயம். அந்தோனியோ தா சங்கல்லோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 50 மீட்டருக்கும் ஆழமாகக் கிணறு வெட்ட வைத்தார். அதில் இரண்டு சுழல் பாதைகள், ஒன்றையொன்று தொடாமல் பின்னிக்கொண்டு இறங்குகின்றன. வெறுங்குடத்தோடு இறங்கும் கழுதையும் நிறைகுடத்தோடு ஏறும் கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாது. 248 படி. உங்கள் குழுவில் இரண்டு பேர் இறங்க, இரண்டு பேர் ஏற, நடுச் சுவரின் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையாட்டலாம். நாற்பது வயதிலும் அது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சிவிதா தி பாஞ்ஞொரேஜியோ. இருபது கிலோமீட்டர் சுமார். மேலே எரிமலைக்கல், அடியில் களிமண். களிமண் கரையக் கரைய விளிம்பு உதிர்கிறது. 1695இல் நிலநடுக்கம் வந்து பெரும்பாலோர் பக்கத்து ஊருக்கு இடம்பெயர்ந்தார்கள். இன்று நிரந்தரமாக இருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் தேறினால் அதிகம். போக நடைபாலம் மட்டுமே வழி, 5 யூரோ நுழைவுச் சீட்டு. பகலில் போனால் பாலத்தில் வரிசை. சாயங்காலம் பூனைகளும் நீங்களும்தான்.

மூன்றாம் நாள் தோதி வழியாக ஸ்பெல்லோ பக்கம், மூன்று ராத்திரி. இங்கேதான் என் இரண்டாவது கட்டளை: தினம் ஒரு ஓட்டல் மாற்றாதீர்கள். நாலு பேர் பெட்டி கட்டி, பில் முடித்து, ஒருவன் சார்ஜரை மறந்து திரும்பி ஓடி வருவதற்குள் மணி பதினொன்று ஆகிவிடும். 'அக்ரிதுரிஸ்மோ' என்று பண்ணை வீடுகள் இருக்கின்றன. அந்தப் பெயரை வைத்துக்கொள்ள நிஜமாகவே விவசாயம் நடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பார்க்கிங் பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே கிடைக்கும். இது நண்பர் கூட்டத்துக்கு மிக முக்கியம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அசிசிக்குக் காலை எட்டரைக்குள் போய்விடுங்கள். புனித பிரான்சிஸ் பேராலயம் 1228இல் தொடங்கியது, கீழ்க் கோயில், மேல் கோயில் என்று இரண்டடுக்கு. 1997 செப்டம்பரில் நிலநடுக்கம் மேல்கோயில் கூரையின் பகுதிகளைத் தள்ளியதில் உள்ளே நாலு பேர் இறந்தார்கள். சிதறிய ஓவியத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, கலைத்த புதிரைச் சேர்ப்பதுபோல் பல வருஷம் சேர்த்தார்கள். அண்ணாந்து பார்த்தால் சேராமல் விட்ட இடங்களும் தெரியும். மறுநாள் குப்பியோ. அங்கே மலை ஏற ஒரு கம்பிக் கூண்டு உண்டு. கூண்டு நிற்காது, ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டிரண்டு பேராகக் குதித்து ஏற வேண்டும். பறவைக் கூண்டில் நின்றபடி ஊருக்கு மேலே போவது போல. உயரம் பயம் உள்ளவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள், நான் ஒருமுறை கட்டாயப்படுத்தி ஒரு முழு நாள் பேச்சை இழந்தேன்.

ஆறாம் நாள் கொர்த்தோனாவில் மத்தியானச் சாப்பாடு. அப்புறம் பியென்ஸா பக்கம் இரண்டு ராத்திரி.

பியென்ஸா ஒரு மனிதரின் ஆசை. கொர்சிஞ்ஞானோ என்ற குக்கிராமத்தில் பிறந்தவர் 1458இல் இரண்டாம் பயஸ் என்ற போப் ஆனார். மறு வருஷமே பெர்னார்தோ ரொசெல்லினோ என்ற கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டு, பிறந்த கிராமத்தை நகரமாக மாற்றச் சொன்னார். பெயரையும் தன் பெயரிலிருந்தே கொடுத்தார். மூன்றே வருஷத்தில் ஆலயம், அரண்மனை, சதுக்கம். செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கோ போய்விட்டது. எல்லாரும் ரொசெல்லினோவின் தலை போகும் என்று காத்திருக்க, உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கட்டவே சம்மதித்திருக்க மாட்டேன் என்று போப் அவரைப் பாராட்டிப் பரிசு கொடுத்ததாக அந்தப் போப்பே எழுதி வைத்திருக்கிறார். காண்ட்ராக்டரோடு மல்லுக்கட்டி வீடு கட்டியவர்களுக்கு இது புரியவே புரியாது. ஆலயத்தின் பின்பகுதி விளிம்பில், உறுதியில்லாத மண்ணில் நிற்பதால் இன்னும் மெல்ல இறங்குகிறது. உள்ளே தரையின் சரிவு காலுக்கே தெரியும். மொந்தெபுல்சியானோ அங்கிருந்து இருபது நிமிஷம். கீழே சான் பியாஜியோ ஆலயத்தில் வண்டியை விட்டு ஏறலாம், மூச்சு வாங்கும்.

சியெனாவை என்ன செய்வது? பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன். திட்டுவீர்கள். ஆனால் அது ஊர் இல்லை, நகரம். அரை நாளில் பார்த்தால் சதுக்கத்தில் ஒரு ஐஸ்க்ரீமும் ஒரு போட்டோவும்தான் மிஞ்சும். ஃபிளாரன்ஸிலிருந்து நேரடி பஸ் இருப்பதால் காரில்லாத பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாளை வொல்தேராவுக்குக் கொடுங்கள். சான் ஜிமிஞ்ஞானோதான் புகழ் பெற்றது. ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் கோபுரம், இன்று பதினாலு. பத்து மணியிலிருந்து நாலு மணிவரை பஸ் பஸ்ஸாகக் கூட்டம். வொல்தேராவில் அந்த நெரிசல் இல்லை. அங்கே ரோமானியருக்கு முன் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்களின் காலத்துக் கோட்டை வாசல் ஒன்று, மூன்று கல் தலைகளோடு, முகங்கள் மழையில் தேய்ந்து நிற்கிறது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்க்க இருந்தது. ஊர்க்காரர்கள் தெருவின் பாவுகற்களைப் பெயர்த்து, ஒரே நாளில் வாசலை முழுசாக அடைத்துவிட்டார்கள். வழியே இல்லாத இடத்தை யார் தகர்ப்பார்கள்? வாசல் தப்பியது. எட்டாம் ராத்திரி அங்கே தங்கி, கடைசி நாள் காலை எட்டு மணிக்கு, பஸ்கள் வருமுன், சான் ஜிமிஞ்ஞானோவைப் பார்த்துவிட்டால் அங்கிருந்து ஃபிளாரன்ஸ் ஒரு மணி நேரம்தான்.

இனி காரும் நண்பர்களும்.

உங்கள் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கலாம், ஒரு வருஷம் செல்லும். இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றது போதாது. ஓட்டுவது யார் யார் என்று இங்கேயே முடிவு செய்யுங்கள். முதல் ஓட்டுநரின் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். அந்த கார்டில் டெபாசிட் தொகையை முடக்கி வைப்பார்கள் என்பதால் லிமிட் இருக்கட்டும். இரண்டாவது ஓட்டுநருக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். எட்டு நாளும் ஒரே ஆள் ஓட்டினால் நட்பு தாங்காது.

ஆட்டோமேட்டிக் வண்டி குறைவு, விலையும் அதிகம், ஆனாலும் சில மாதம் முன்பே சொல்லி வாங்குங்கள். செங்குத்தான சந்தில், பழக்கத்தில் இடது கையால் கியரைத் தேடி ஜன்னல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட அது மலிவு. நாலு பெரிய பெட்டி சின்ன வண்டியின் டிக்கியில் போகாது. பெரிய வண்டியோ சந்தில் போகாது. ஆளுக்கு ஒரு கேபின் பெட்டி என்று ஒப்பந்தம் போட்டு நடுத்தர வண்டி எடுங்கள். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுபவருக்கு முதலிடம், அவர் உங்கள் இடது பக்கமிருந்து வருவார். ஊருக்கு வெளியே பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். வேக வரம்பு டோல் நெடுஞ்சாலையில் 130, மழையில் 110, சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50. டோல் கேட்டில் 'தெலெபாஸ்' (தானாகக் காசு கழிக்கும் கருவி பொருத்திய வண்டிகளுக்கானது) என்று மட்டும் போட்ட மஞ்சள் வரிசையில் போய்விடாதீர்கள். பெட்ரோல் 'பென்ஸினா', டீசல் 'கசோலியோ'. பங்கில் 'சர்வீத்தோ' என்ற பக்கம் ஆள் வந்து போடுவார், லிட்டருக்கு விலை கூட. வெள்ளை மண் ரோடுகள் போட்டோவுக்கு அழகு; டயரும் வண்டியின் அடிப்பாகமும் பல இன்சூரன்ஸில் சேராது என்பதைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

குடி. பியென்ஸாவைச் சுற்றி நோபிலே, புருனெல்லோ என்று பெயர் பெற்ற ஒயின்கள். மத்தியானம் ஒயின் ருசி பார்க்கப் போனால் ஓட்டுபவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பான். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரைதான் அனுமதி, லைசென்ஸ் வாங்கி மூன்று வருஷம் ஆகாதவருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் பண்ணையில் ராத்திரிச் சாப்பாடு என்றேன். பகலில் வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரி சாவியை மேஜையில் போட்டுவிட்டு நாலு பேருமாகத் திறங்கள்.

சாப்பாட்டு நேரம் தவறினால் பட்டினி. இரண்டரை மணிக்குச் சமையலறை மூடினால் ஏழரைக்குத்தான் திறக்கும். சைவம் என்றால் 'பீச்சி அல்லாலியோனே' கேளுங்கள். கையால் உருட்டிய தடிமனான நூடுல்ஸ், தக்காளி, பூண்டு. சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று 'ப்ரோதோ' என்ற சொல்லை வைத்துக் கேட்டுவிடுங்கள். பியென்ஸாவின் பெக்கொரீனோ செம்மறி ஆட்டுப்பால் சீஸ் பிரமாதம், ஆனால் அதை உறைய வைப்பது பெரும்பாலும் கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருள். கண்டிப்பான சைவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பில்லில் 'கொபெர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கும், ஏமாற்று இல்லை, வழக்கம்.

காரை ஃபிளாரன்ஸ் ஊருக்குள் கொண்டுபோய் விடாதீர்கள், விமான நிலையத்தில் விடுங்கள். டேங்கை நிரப்பி, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, சாவியைக் கொடுத்துவிட்டால் டிராம் இருபது நிமிஷத்தில் ஊருக்குள் சேர்க்கும். அந்தப் போட்டோக்களை ஒரு வருஷம் அழிக்காதீர்கள். கடிதம் எதுவும் வருவதென்றால் பெரும்பாலும் அதற்குள் வரும்.